காற்றுக்கும் சேரி உண்டு: எண்ணூரில் நிரூபணச் சுமை யார் தலையில்?

வடசென்னையில் நாங்கள் சட்ட உதவி முகாம் நடத்தும்போதெல்லாம் எங்கள் மேசைக்கு ஒரு மஞ்சள் பை வந்து சேரும். கொண்டுவருபவர் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர். பைக்குள் இருப்பவை மட்டும் மாறுவதில்லை. மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய மருத்துவச் சீட்டுகள், ஓர் எக்ஸ்ரே உறை, தீர்ந்துபோன இன்ஹேலர். சீட்டுகளில் இரைப்பு, மூச்சுத்திணறல், நாள்பட்ட இருமல் என நோயின் பெயர் இருக்கும். மருந்தின் பெயரும் இருக்கும். அந்த நோய்க்குக் காரணமான புகையின் பெயர் மட்டும் எந்தச் சீட்டிலும் இருக்காது. "இதை வச்சு கேஸ் போட முடியுமா?" என்று கேட்பார்கள். சட்டம் படித்த எங்களால் அந்தக் கேள்விக்கு உடனே ஆம் என்று சொல்ல முடிந்ததில்லை. ஏன் முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காற்று மாசு உடலுக்குக் கேடு என்பதில் அறிவியலுக்கு ஐயமில்லை. எண்ணூரிலும் மணலியிலும் காற்று கெட்டிருக்கிறது என்பதில் அரசுக்கே ஐயமில்லை. எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கேட்டை நிரூபிக்க வேண்டியவர் யார்? புகைபோக்கியின் சொந்தக்காரரா, இருமுகிறவரா? இன்றைய நடைமுறை இருமுகிறவரைத்தான் கைகாட்டுகிறது. அதிகாரமும் ஆவணமும் மருத்துவமும் எவருக்கு மிகக் குறைவாகக் கிடைக்கின்றனவோ, அவர் தலையிலேயே நிரூபணச் சுமையை ஏற்றுவது தற்செயல் அன்று என்பது நமது வாதம்.

ஊருக்கு மின்சாரம், சேரிக்குச் சாம்பல்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி எழுந்துள்ளவற்றைக் கணக்கிடுவோம். வல்லூர் அனல் மின் நிலையம் 1,500 மெகாவாட். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்கள் 1,830 மெகாவாட். 2024இல் தொடங்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். ஒரு சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் மொத்தம் 4,130 மெகாவாட் நிலக்கரி மின்சாரம். தெற்கே மணலியில் 1960களிலிருந்து வளர்ந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும், பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகளும் இருக்கின்றன. கடலோரத்தில் நிலக்கரியை இறக்கும் துறைமுகம் இருக்கிறது. இவையனைத்தையும் இணைக்கும் சாலைகளில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே எஞ்சும். அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய்வழி சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் உடைந்து கழிமுகம் சாம்பல் சேறானது பல ஆண்டு வழக்காயிற்று. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. நீரில் கசிந்த சாம்பல் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் வழக்காக முடிந்தது. கோடையில் குளம் வற்றியபின் காற்றில் எழும் அதே சாம்பல் வீட்டுக் கூரையிலும், காயப்போட்ட துணியிலும், சோற்றுப் பானையிலும், நுரையீரலிலும் படிகிறது. அதற்குக் கணக்கு இல்லை. தலித் குடும்பங்கள் வாழும் செப்பாக்கம் போன்ற சிற்றூர் சாம்பல் குளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது.

பழைய கிராம அமைப்பில் ஊரின் கழிவு எந்தப் பக்கம் போய்ச் சேருமோ அந்தப் பக்கத்தில் சேரி இருந்தது. நகரம் அந்த வரைபடத்தை அழித்துவிடவில்லை, பெரிதாக்கிக்கொண்டது. மாநகரின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. மாநகரின் மின்சாரத்துக்கான கரி எண்ணூரில் எரிகிறது. மாநகரின் பெட்ரோல் மணலியில் சுத்திகரிக்கப்படுகிறது. இப்போது அதே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப்போகிறார்களாம். அதை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள்.

"இந்தக் காற்றைத் தலித்துகள் மட்டுமா சுவாசிக்கிறார்கள்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பதுண்டு. இல்லை. மீனவர் குப்பங்கள், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், சுனாமிக்குப் பின் எர்ணாவூரில் குடியேற்றப்பட்டவர்கள் என அனைவரும் சுவாசிக்கிறார்கள். ஆகவே இப்போராட்டம் கூட்டுப் போராட்டமாக இருந்தே தீர வேண்டும். எனினும் யார் அங்கே குடியமர்த்தப்படுகிறார், யாரால் அங்கிருந்து வெளியேற முடிகிறது என்ற இரு கேள்விகளையும் சாதி தீர்மானிக்கிறது. வசதி வந்தவர் வாடகைக்கு வீடு பிடித்து நகரின் வேறு பகுதிக்குப் போய்விடுகிறார். வீடு கேட்டுப் போகும் இடத்தில் சாதியைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறார்களே, அவர்கள் எங்கே போவார்கள்?

உடலுக்குள் நடப்பது

2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்குவதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை இறங்கிவிடும். மிக நுண்ணியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். அதனால் தீங்கு இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், எடை குறைந்த பிரசவம் ஆகியவற்றோடு இத்துகள்களுக்கு உள்ள தொடர்பு உலகெங்கும் நிறுவப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இலேயே வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. நிலக்கரிப் புகையின் கந்தக டை-ஆக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்கி இரைப்பைத் தூண்டும். அதோடு, காற்றில் பயணிக்கும்போதே அது சல்பேட் நுண்துகளாக மாறி, ஆலையிலிருந்து வெகு தொலைவில் இருப்பவரையும் எட்டும்.

இந்நோய்கள் எவையும் புகைக்கு மட்டுமே உரியவை அல்ல. மாரடைப்புக்கு நூறு காரணம் உண்டு. சட்டத்தின் பார்வையில் ஏழையின் உடல் தோற்பது இந்த இடத்தில்தான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நினைவுகூர்வோம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுசெல்லும் குழாய் கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற வரம்புக்கு எதிராக ஆலை அருகே 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பதிவுசெய்தது. தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. 5.92 கோடி ரூபாய் சூழல் இழப்பீடு விதிக்கப்பட்டது.

அந்த இரவில் மட்டும் அரசு இயந்திரம் அசைந்ததற்குக் காரணம், அன்று வாயுவுக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு நேரம் இருந்தது, ஓர் உரிமையாளர் இருந்தார். மற்ற 364 நாட்களில் வரும் புகைக்கு இம்மூன்றும் இல்லை. அது பல ஆலைகளின் கலவை. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக வருவது. அது கொல்வதும் அப்படித்தான்.

சராசரி என்னும் திரை

நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். இது 2009இல் வகுக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5. ஆக, நம் சட்டப்படி தூய்மையான காற்று என்பது உலக அளவுகோலில் எட்டு மடங்கு அழுக்கான காற்று. "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று ஓர் அதிகாரி சொன்னால் அதற்கு ஆபத்தில்லை என்று பொருள் இல்லை.

காற்றுத் தரக் குறியீடு என நாளிதழில் வரும் எண்ணும் ஒரு சராசரிதான். கருவி இருக்கும் இடத்தின் காற்றை அது 24 மணி நேரத்துக்குப் பரப்பிக் காட்டும். நள்ளிரவில் இரண்டு மணி நேரம் அடர்ந்து வந்த புகை அந்தச் சராசரியில் கரைந்துபோகும். கருவியிலிருந்து தள்ளி, ஆலைச் சுவரை ஒட்டி வாழும் குடும்பம் அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. சென்னை முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்லும்போது அடையாறும் அத்திப்பட்டும் ஒரே காற்றைச் சுவாசிப்பதாகத் தோன்றும்.

மூன்றாவது திரை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே வருகிறது. ஒரு பருவத்தின் காற்றை அளந்து, இந்த ஓர் ஆலையால் இத்தனை மைக்ரோகிராம் மட்டுமே கூடும் என்று கணினி மாதிரியில் காட்டுகிறது. ஒவ்வொன்றும் "சிறிதளவு" கூட்டி, கூட்டல் தொகை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. 2017இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் மக்கள் கருத்துக்கேட்பு நடந்தபோதும் அடிப்படைக் கேள்வி இதுதான்: ஏற்கெனவே நிரம்பிய நுரையீரலில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது?

இத்தனைக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, கடுமையாக மாசடைந்தவை என 43 பகுதிகளை அறிவித்தபோது அப்பட்டியலில் மணலியும் இருந்தது. அரசு ஓர் ஊரின் காற்றுக்கு அப்படிப் பெயரிட்டபின், அவ்வூர் மக்களின் உடல்நிலையை ஆண்டுதோறும் பதிவுசெய்யும் பொறுப்பு இயல்பாகவே எழுந்திருக்க வேண்டும். காற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். மனிதரின் மூச்சை அளக்கவில்லை.

சட்டம் எதைக் காண்கிறது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நம் மாணவர்கள் மறுபடியும் வாசிக்க வேண்டும். பிரிவு 3(1)(எக்ஸ்), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவதை வன்கொடுமை என்கிறது. பிரிவு 3(1)(பி), அவர்கள் வாழும் இடத்திலோ வாசலிலோ மலத்தையும் கழிவையும் அருவருப்பான பொருள்களையும் கொட்டுவதை வன்கொடுமை என்கிறது. 1927இல் மகாடு குளத்து நீரை அள்ளிக் குடித்த அண்ணல் அம்பேத்கரின் போராட்டத்தோடு தொடர்புடைய ஓர் அறிவு இதில் இருக்கிறது: இயற்கை வளத்தைக் கெடுத்துக் கொடுப்பதும் தீண்டாமையின் ஒரு வடிவமே. நீர் அச்சட்டத்தில் இருக்கிறது. வாசலும் இருக்கிறது. காற்று இல்லை.

ஆலைப் புகைக்கு நாளையே வன்கொடுமை வழக்குத் தொடுக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அச்சட்டம் குற்றம் செய்த தனி மனிதரைத் தேடுகிறது. புகையோ, திட்டமிடலின் வழியாக, கையெழுத்துகளின் வழியாக, வரைபடத்தின் வழியாக வருகிறது. எனினும் நீரில் நாம் காணும் சாதியைக் காற்றில் காணாமல் இருப்பது நம் சட்டக் கற்பனையின் குறைபாடு.

இன்னொரு முரண். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸ் போன்ற தூசு நோய்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களாகப் பட்டியலிட்டது. அத்தகைய நோயாளியைக் காணும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நடைமுறையில் ஆயிரம் ஓட்டைகள் இருந்தாலும் கொள்கை தெளிவானது. ஆலைச் சுவருக்கு உள்ளே தூசு நுரையீரலில் படிந்தால் அது தொழில்நோய். சுவருக்கு வெளியே பத்தடி தள்ளி அதே தூசு படிந்தால் அது பெயரில்லாத இருமல்.

இந்நிலையில் காவல் கூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்த ஒன்றிய அரசு, இரண்டாண்டு அவகாசம் என்றது. பிறகு கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டித்தது. 2025 ஜூலை அறிவிக்கையில் நாட்டின் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்கு அளித்துவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகளுக்கு மட்டும் 2027 டிசம்பர் கெடு. எண்ணூர் சென்னை மாநகராட்சிக்குள் இருப்பதால், அதைச் சூழ்ந்த ஆலைகள் விஷயத்தில் இந்தக் கெடுவை நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கிடையே 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. வரம்பை மீறிப் புகை வெளியிட்டால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறாண்டு வரை சிறை என்றிருந்தது போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்றானது. கோடிகளில் புரளும் ஆலைக்கு 15 லட்சம் என்பது தண்டனையா, கட்டணமா?

சுமையை இடம் மாற்றுதல்

நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரியும். நீங்கள் பீடி பிடிப்பவரா? வீட்டில் விறகடுப்பா? கொசுவத்தி ஏற்றுவீர்களா? உங்கள் அப்பாவுக்கு இரைப்பு உண்டா? வறுமையின் ஒவ்வோர் அடையாளமும் ஆலையின் சாட்சியாக மாறும் விந்தை அங்கே நடக்கும். விறகுப் புகையும் கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே நலிந்த உடலின் மேல் இன்னொரு சுமையை ஏற்றியவர், உடல் நலிந்திருந்ததைக் காட்டித் தப்ப முடியாது. தீங்கு செய்தவர் பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் பழைய நெறி.

அதைவிட வலிய கருவி நம் மண்ணிலிருந்தே கிடைத்தது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தின் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் மூன்று நெறிகளை நாட்டின் சட்டமாக ஏற்றது. கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. தூய காற்று அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விபத்து வழக்குகளில் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பொறுப்பேற்றும் நெறியை வைத்திருக்கிறது.

ஆக, நெறி நம் பக்கம் இருக்கிறது. ஆவணம் நம்மிடம் இல்லை. அதே தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கால வரம்பு உண்டு. இருபதாண்டில் மெல்லச் சுருங்கிய நுரையீரலுக்கு "முதல் நாள்" எது? அதை யார் எழுதி வைத்தார்கள்? மஞ்சள் பையோடு வரும் அம்மாவுக்கு நாங்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வது இதனால்தான்.

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

முதலாவது, எண்ணூர்–மணலிப் பகுதிக்கு நிரந்தரச் சுகாதாரப் பதிவேடு. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் பார்க்க வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் இம்மாநிலத்தில் இருக்கிறது. அதே பணியாளர்கள் ஊதிப் பார்க்கும் ஒரு சிறு கருவியையும் எடுத்துச் செல்லட்டும். ஒவ்வொருவரின் மூச்சுத்திறனும், தொழிலும், வீட்டிலிருந்து ஆலைக்குள்ள தொலைவும் ஆண்டுதோறும் பதிவாகட்டும். சாதிவாரியாகவும் பதிவாகட்டும். கணக்கெடுக்காத அநீதியை நீதிமன்றம் காணாது.

இரண்டாவது, அப்பதிவேடு நிறைவுற்று மக்கள் முன் வைக்கப்படும்வரை இப்பகுதியில் புதிய புகைபோக்கி எதற்கும் அனுமதி கூடாது. இருக்கும் ஆலைகள் அனைத்தையும் சேர்த்த மொத்தச் சுமையே அனுமதியின் அளவுகோலாக வேண்டும்.

மூன்றாவது, சூழல் இழப்பீடாக வசூலிக்கப்படும் தொகையில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவத்துக்குச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். அம்மோனியா இரவுக்கு விதிக்கப்பட்ட தொகை சூழலுக்கான இழப்பீடு. மூச்சுத்திணறி ஓடியவர்களும் சூழலின் பகுதிதானே?

நான்காவது, மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஆலையின் புகைபோக்கிக் கண்காணிப்பு அறிக்கையையும், இசைவாணை நிபந்தனைகளையும், ஆரம்பச் சுகாதார நிலையங்களின் மூச்சு நோய்க் கணக்கையும் கேளுங்கள். தெருக்களில் நாட்குறிப்பு எழுதப் பழக்குங்கள். எந்த நாள், எந்த நேரம், எப்படிப்பட்ட நெடி, யாருக்கு மூச்சு முட்டியது, எந்த மருத்துவரிடம் போனார்கள் என ஐந்து வரி போதும். மருத்துவச் சீட்டில் முகவரியையும் வேலையையும் எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஐந்தாண்டு கழித்து அந்த நோட்டுப் புத்தகம் சாட்சியாக நிற்கும்.

அம்மோனியா கசிவுக்குப் பின் எண்ணூரின் கடலோர மக்கள் நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடியபோது வழக்கறிஞர்கள் சொல்லித்தான் கூடவில்லை. தங்கள் மூச்சைத் தாங்களே சாட்சியாகக் கொண்டு கூடினார்கள். அந்தச் சாட்சியத்தைத் தாளில் ஏற்றுவது நம் வேலை. அடுத்த முறை மஞ்சள் பை மேசைக்கு வரும்போது, அதற்குள் சீட்டுகளோடு ஒரு நோட்டும் இருக்குமானால், "கேஸ் போட முடியுமா?" என்ற கேள்விக்கு எங்கள் பதிலும் மாறும்.